திறக்காத தாடை

“சொந்தத் தம்பி சார். அவன்தான் என் புருஷன் தாடையை உடைச்சிட்டான்.”

தையல்கடைக்காரி துணிப்பையிலிருந்து ஒரு கறுப்பு ஹெல்மெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் டீ டம்ளர் நகர்ந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள்.

சர்வேயர் ஹெல்மெட்டை உடனே தொடவில்லை. பல வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது விபத்து எது நாடகம் என்று எழுதிக் கொடுத்தவர். அந்த வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

“உடைச்சது தம்பியா, ஹெல்மெட்டா?” என்று கேட்டாள் அவருடைய உதவியாளர். அப்பாவின் பஞ்சர் கடையில் வளர்ந்தவள். எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தாலும் ஒரே வார்த்தையில் காற்றைப் பிடுங்கிவிடுவாள். இரண்டு காரணத்துக்கும் சேர்த்து எல்லோரும் அவளைப் பஞ்சர் என்றே கூப்பிட்டார்கள்.

“ரெண்டும் ஒண்ணுதான். அவன் ஹெல்மெட் கடை வச்சிருக்கான். என் வீட்டுக்காரர் பைக் ஓட்டக் கத்துக்கொடுக்கறவர். மாஸ்டர்னா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நாள் முழுக்க கத்துக்க வர்றவங்ககிட்ட பேசணும். ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்ட முடியாதுன்னு, முன்பக்கம் தூக்கற ஃபிளிப்-அப் ஹெல்மெட் கேட்டார். இவன் இதைக் கொடுத்தான். இரும்பு லாக்கு, யானை மிதிச்சாலும் திறக்காதுன்னான்.” அவள் மூச்சு வாங்கினாள். “போன வாரம் பயிற்சி மைதானத்துல விழுந்திருக்கார். விழுந்த வேகத்துல முன்தாடை தானா மேல திறந்துகிச்சாம். மோவாய்க்கட்டை கிழிஞ்சு, தாடை முறிஞ்சு, பல்லோட பல்லைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க.”

“தானா திறந்துச்சுன்னு யார் சொன்னது?” என்றார் சர்வேயர்.

“அவர்தான். போன்ல டைப் பண்ணிக் காட்டினார்.”

“வேற என்ன டைப் பண்ணார்?”

“எதைக் கேட்டாலும் ‘விட்டுடு’ன்னு அடிக்கிறார். மச்சானைக் காட்டிக்கொடுக்க மனசு வரல போல. எனக்கு வரும். நாளைக்குப் போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். இது டூப்ளிகேட்டுன்னு நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும்.”

“புகார் கொடுத்தா கடைக்குப் பூட்டு விழும்.”

“விழட்டும்.” சொன்னாளே தவிர, அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். “எங்கம்மா கொஞ்ச நாள் என் வீட்டுல, கொஞ்ச நாள் அவன் வீட்டுல இருப்பாங்க. இனிமே அவன் வாசல்ல கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“அவங்களுக்கு என் வீட்டுக்காரரைக் கண்டாலே ஆகாது. நாங்களா பாத்துப் பண்ணிக்கிட்ட கல்யாணம். அன்னையிலேர்ந்து அவரோட ஒரு வார்த்தை பேசினதில்ல. ‘அந்த ஆளு’ம்பாங்க. தாடை உடைஞ்சதுக்குக் கூட வாயைத் திறக்கல.”

“வீட்டுல வாய் திறக்கற ஒரே ஆள் ஹெல்மெட்தான் போல” என்றாள் பஞ்சர்.

சர்வேயர் அப்போதுதான் ஹெல்மெட்டை எடுத்தார். முன்தாடையைத் தூக்கினார், இறக்கினார். டக் என்று பூட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மறுபடி திறந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். முன்தாடையின் உட்புறத்தை விரலால் தடவினார். கன்னத்தைப் பிடிக்கும் இரண்டு பேடுகளின் மேல் வெளிச்சம் வெகுநேரம் நின்றது.

“இதைக் கழுவினீங்களா?”

“ஆஸ்பத்திரிப் பையில எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கு. தொடவே பிடிக்கல.”

“மாஸ்டர் மூக்குக் கண்ணாடி போடுவாரா?”

“இல்லையே. எனக்கு ஊசியில நூல் கோத்துத் தர்றதே அவர்தான். ஏன் சார்?”

“சும்மா” என்றார் சர்வேயர். அவர் சும்மா என்று சொன்னால் சும்மா இல்லை என்பது பஞ்சருக்குத் தெரியும்.

ஹெல்மெட் கடை ஒடுங்கலாக, நீளமாக இருந்தது. இரு பக்கச் சுவரிலும் தலையில்லாத ஹெல்மெட்டுகள் வரிசையாக அவர்களைப் பார்த்தன. கடைக்காரருக்குச் சின்ன வயசுதான். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. துணிப்பையைப் பார்த்ததுமே அவர் கை கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

“அக்கா அனுப்பிச்சாங்களா? அதைக் கொடுங்க, நான் பாக்கறேன்.”

சர்வேயர் பையைக் கொடுக்கவில்லை. “முதல்ல இதே மாடல் புதுசு ஒண்ணு காட்டுங்க. தாடை தானா திறக்குமா?”

கடைக்காரர் புதிதாக ஒன்றை இறக்கினார். “விலை கம்மியான சரக்குல இந்தக் கொக்கி பிளாஸ்டிக்கா இருக்கும். வெயில்ல காய்ஞ்சு உளுத்துப் போயிடும். அது அடி பட்டா திறக்கும், நானே ஒத்துக்கறேன். இது இரும்பு. ஆனா ஒண்ணு, ரெண்டு பக்கமும் மாட்டணும். ஒரு டக் சத்தத்தை நம்பிக் கிளம்பிடறாங்க. மண்ணு புகுந்து ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருக்கும். பூட்டினப்புறம் ஒரு தடவை இழுத்துப் பாக்கணும். இதைத்தான் மாஸ்டர்கிட்டயும் சொன்னேன். அவர் அசால்ட்டா இருக்கற ஆள் இல்ல. அதான் எனக்குப் புரியல.”

“உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனத்தாங்கல்?”

“அவரோடயா? போன மாசம்கூட இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டுப் போனார். கன்னத்துப் பேடு தடியா வேணும்னு வாங்கிட்டுப் போனார்.”

“அவருக்கு ஒல்லி முகமா?”

கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார். “பூசணிக்கா மாதிரி இருக்கும். ஏன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டார்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சார், அதை இங்க வச்சிட்டுப் போங்க. நானே கழட்டிப் பாத்துச் சொல்றேன். அக்கா தூரத்துலேர்ந்து காட்டினாளே தவிர கையில தரவே மாட்டேங்கறா.”

“யார் மேல சந்தேகமோ அவர்கிட்டயே சாட்சியைக் கொடுத்துட்டுப் போனா, அப்புறம் எங்களையும்தானே சார் சந்தேகப்படுவாங்க?” என்றாள் பஞ்சர்.

கடைக்காரர் முகம் சுருங்கியது. சர்வேயர் பஞ்சரை வண்டியை எடுக்க அனுப்பினார். அவள் வெளியே பைக்கை உதைத்துக் காத்திருந்தாள். அவர் உடனே வரவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கடைக்காரரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் அதே துணிப்பைதான் இருந்தது.

“இவர்தான் சார்” என்றாள் பஞ்சர். “பையைப் பாத்ததும் கல்லாவைப் பிடிச்சுக்கறார், கேக்காமலே ஒத்துக்கறேங்கறார், ஹெல்மெட்டை வச்சிட்டுப் போங்கறார். டூப்ளிகேட் வித்துட்டு இப்ப அசலை மாட்டப் பாக்கறார்.”

“பாதி வழியில நிறுத்து. ஒரு வித்தை காட்டறேன்.”

சாலையோர மரத்தடியில் அவர் ஹெல்மெட்டை வெளியே எடுத்தார். பையின் அடியில் தையல்கடைச் சுண்ணாம்புக் கட்டி ஒன்று கிடந்தது. முன்தாடையைப் பூட்டி, ஹெல்மெட்டின் இடது பக்கத்திலிருந்து தாடை வரைக்கும் குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.

“திற.”

பஞ்சர் திறந்தாள். கோடு இரண்டாக உடைந்து, ஒரு பாதி கீழேயே நிற்க, இன்னொரு பாதி உச்சந்தலைக்குப் போனது.

“மூடு.”

மூடினாள். கோடு ஒட்டிக்கொண்டது.

“இப்ப பக்கத்துல இருக்கற சிராய்ப்பைப் பாரு.”

தரையில் உரசிய கோடுகள் நாலைந்து இருந்தன. ஹெல்மெட் ஓட்டில் தொடங்கி, தாடை சேரும் மூட்டைத் தாண்டி, முன்தாடையின் நுனி வரைக்கும் ஒரே வீச்சில் போயிருந்தன. எங்கும் அறுபடவில்லை.

பஞ்சர் விசிலடிக்கப் போய் நிறுத்தினாள். “தரையில உரசினப்போ இது மூடித்தான் இருந்திருக்கு.”

“கடைசி வரைக்கும் மூடியே இருந்திருக்கு. கொக்கியில ஒரு நெளிவு இல்ல. தம்பி வித்த சரக்கு செய்ய வேண்டிய வேலையைச் செஞ்சிருக்கு. இதுக்குள்ள இருந்த தாடை உடைய வழியே இல்ல.”

“ஆனா மாஸ்டர் தாடை உடைஞ்சிருக்கே.”

“மோவாய் கிழிஞ்சிருக்கு. உள்ள ஒரு சொட்டு ரத்தக்கறை இல்ல.”

பஞ்சர் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப இதைப் போட்டிருந்தது வேற யாரோ. பேடு தடியா வாங்கினாரே. சின்ன முகம்.” அவள் குரல் மாறியது. “சார், இது பொம்பளை விவகாரமா?”

“பொம்பளையா ஆம்பளையான்னு தெரியல. கண்ணாடி போடறவங்க. பேடு ரெண்டுலயும் காதுக்கிட்ட ஒரு பள்ளக்கோடு இருந்துச்சு. கண்ணாடிக் காம்பு அழுத்தின தடம்.”

“மாஸ்டருக்குக் கண்ணாடி இல்ல. அதனாலதான் ‘விட்டுடு, விட்டுடு’ன்னு அடிக்கிறாரா? பாவம் அந்தக்கா. தம்பியைத் தூக்கி உள்ள வைக்கப் பாக்குது. பூதம் வீட்டுக்குள்ளயே படுத்திருக்கு.”

“வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யணும். கூடத்துல நின்னு, கண்ணாடித் தடம் பத்திச் சத்தமா சொல்லு.”

“சத்தமா பேச எனக்குத் தனியா உத்தரவு வேற வேணுமா சார்?”

தையல்கடை தெருவைப் பார்த்து இருந்தது. அதன் பின்னால் வீடு. கூடம், ஓர் அறை, கடைசியில் சமையல்கட்டு. தையல்கடைக்காரி வாடிக்கையாளரிடம் அளவெடுத்துக்கொண்டே அவர்களை உள்ளே போகச் சொன்னாள். சமையல்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

பஞ்சர் ஹெல்மெட்டைக் கூடத்து நாற்காலியில் வைத்தாள். “சார், இதுக்குள்ள கண்ணாடிக் காம்பு போன தடம் இருக்கே. மாஸ்டர் கண்ணாடியே போடறதில்லையாமே. பேடு ரெண்டையும் லேபுக்கு அனுப்பினா யாருதுன்னு சொல்லிடுவாங்க இல்ல?”

“சாயங்காலம் அனுப்பிடலாம். இப்ப மாஸ்டரைப் பாப்போம்.”

பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

மாஸ்டர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பூசணிக்காய் முகம் ஒரு பக்கம் வீங்கி, மோவாயில் தையல். சர்வேயர் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“விழுந்தப்போ எந்த ஹெல்மெட் போட்டிருந்தீங்க?”

மாஸ்டர் போனை எடுத்தார். திரை எரிந்தது. எதுவும் அடிக்காமலே அது அணைந்தும் போனது.

“வண்டியை ஓட்டினது நீங்கதானா?”

அவர் கண் ஒரு கணம் கதவுக்குப் போய்த் திரும்பியது. பிறகு வேகமாக அடித்துக் காட்டினார்: கேஸை விட்டுடுங்க. யார் மேலயும் புகார் வேண்டாம்.

“நீங்க விட்டாலும் உங்க மனைவி விடமாட்டாங்க. நாளைக்கு உங்க மச்சான் ஸ்டேஷன்ல நிப்பார். அவர் கொடுத்த ஹெல்மெட் நல்ல ஹெல்மெட்னு உங்களுக்குத் தெரியும். ஒரு நல்ல ஆளைப் பலி கொடுத்து நீங்க யாரைக் காப்பாத்தறீங்க?”

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். 

வெளியே வந்தபோது ஹெல்மெட் நாற்காலியில் வைத்தபடியேதான் இருந்தது. பஞ்சர் அதைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

“சார். கன்னம் ரெண்டையும் காணோம்.”

சர்வேயர் நேராகச் சமையல்கட்டுக்கு நடந்தார்.

தையல்கடைக்காரியின் அம்மா தரையில் குந்தியிருந்தாள். மெலிந்த முகம். முன்னால் ஒரு வாளி நிறைய சோப்பு நுரை. நுரைக்குள் இரண்டு பேடுகளையும் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“வேர்வை நாத்தம் குடலைப் புரட்டுச்சு தம்பி. ஊற வச்சிட்டேன்” என்றாள், நிமிராமல்.

“நல்ல காரியம்மா. அந்தத் தீப்பெட்டியைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?”

அவள் திரும்பி மேடையைத் தடவினாள். கை தீப்பெட்டியைத் தாண்டிப் போய், உப்பு டப்பாவில் முட்டி, திரும்பி வந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக இரண்டு சின்னப் பள்ளம்.

“கண்ணாடியைக் கழட்டிட்டீங்க. பள்ளம் போக நேரமாகும்” என்றார் சர்வேயர். துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு பேடுகள். “நீங்க துவைக்கறது உங்க பையன் கடையில வாங்கி மாட்டின புதுசு. உங்க கண்ணாடித் தடம் இருக்கறது இது. இதை லேபுக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். யார் வந்து எடுக்கறாங்கன்னு பாத்தாலே போதும்னு நினைச்சேன்.”

கடையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் நின்றது எதற்கு என்று பஞ்சருக்கு இப்போதுதான் புரிந்தது.

அம்மா நுரைக் கையோடு சுவரில் சாய்ந்தாள். “அவளுக்குத் தெரிய வேணாம்.”

“என்ன தெரிய வேணாம்?” தையல்கடைக்காரி வாசலில் நின்றிருந்தாள். அவள் பார்வை வாளிக்கும் பொட்டலத்துக்கும் போய் வந்தது. “யாரோட கண்ணாடி? அம்மா?”

“நான்தான் ஓட்டினேன்” என்றாள் அம்மா. “அவர் பின்னாடி உக்காந்திருந்தார். திருப்பத்துல மணல் கிடந்துச்சு. முன் பிரேக்கைப் பிடிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார். பயத்துல அதைத்தான் பிடிச்சேன். நல்ல ஹெல்மெட்டை எனக்குக் கொடுத்துட்டு, டிரைவிங் ஸ்கூல்ல கிடந்த, மோவாயை மறைக்காத சட்டி ஹெல்மெட்டை அவர் கவுத்துக்கிட்டார். எனக்குக் கீறல்கூட இல்ல. அவர் மோவாய் கல்லுல இடிச்சுது.”

“நீ வண்டி ஓட்டினியா? வாராவாரம் கண் டாக்டர்னு போனியே.”

“கண்ணாடி போட்டா கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

தையல்கடைக்காரி ஒரு அடி பின்னால் போனாள். அவள் கேட்டது மெல்லிய குரலில், ஆனால் அந்தச் சமையல்கட்டே சுருங்கிப்போனது. “உனக்கு அவரைப் பிடிக்காது. கல்யாணத்துக்கே வராதவ. தெரியாமத்தான் விழுந்தியா?”

அம்மா வாளியை ஓரமாகத் தள்ளினாள். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஒரு வாரமாக வாயைக் கட்டியிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அறைக் கதவு திறந்தது. மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூடிய பல்லுக்குப் பின்னாலிருந்து, எச்சில் வழிய, நசுங்கிய ஒரு குரல் வந்தது.

“அத்தை மேல... தப்பில்ல.”

தையல்கடைக்காரி அவரையே பார்த்தாள். “அத்தையா?”

“பேசிட்டுதான் இருக்கோம்டி” என்றாள் அம்மா. “போன மழையில நீ ஊர்ல இல்லாதப்போ எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்பலேர்ந்து. அத்தனை வருஷம் முறைச்சிட்டு எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேருக்குமே கூச்சம். உன் முன்னாடி மட்டும் பேசாம இருந்தோம். உன் வீட்டுலேர்ந்து தம்பி வீட்டுக்குப் போக, அங்கேர்ந்து இங்க வர, யாராவது வந்து கூட்டிட்டுப் போகணும். பார்சல் மாதிரி வாசல்ல உக்காந்திருப்பேன். மாப்பிள்ளைதான் பாத்தார். நீங்களே ஓட்டக் கத்துக்கங்கன்னார்.” அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். “ஆஸ்பத்திரியில நீ ஹெல்மெட்டைப் பாத்துட்டு, இதுக்குள்ள இருந்தும் எப்படி உடைஞ்சுதுன்னு கேட்டே. திறந்துகிச்சுன்னு ஒரு வார்த்தை அடிச்சிட்டார். அது தம்பி தலையில விழும்னு அவருக்குத் தோணல. நான் சொல்லிடறேன்னேன். கம்பி எடுக்கட்டும், நானே வாயால சொல்றேன், அதுவரைக்கும் பொறுங்கன்னு கெஞ்சினார். அவ உங்களைத்தான் சந்தேகப்படுவான்னு அடிச்சுக் காட்டினார்.”

தையல்கடைக்காரி தலைகுனிந்து நின்றாள். சர்வேயர் பஞ்சரின் தோளைத் தொட்டார். இருவரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள்.  சமையல்கட்டிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு, “உனக்கு எங்கயும் அடி இல்லையே?” என்று மகள் கேட்டது காதில் விழுந்தது.

சாயங்காலம் தையல்கடைக்காரியைத் தம்பியின் ஹெல்மெட் கடைக்குக் கூட்டிப்போனது பஞ்சர்தான். தனியாகப் போக அவளுக்குக் கால் வரவில்லை.

தம்பி எழுந்து நின்றான். அவள் ஹெல்மெட்டை அவன் கையில் கொடுத்தாள். அவன் விளக்கடியில் திருப்பிப் பார்த்தான். மூட்டைத் தாண்டி ஓடிய சிராய்ப்பின் மேல் விரல் போய் நின்றது. நீளமாக ஒரு மூச்சு விட்டான். பிறகு கல்லாவிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து, மோவாய் வாரை வெட்டினான்.

“ஏன்டா?”

“ஒரு தடவை அடி வாங்கினது. வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ள தெர்மோகோல் நசுங்கியிருக்கும். இனிமே இதை யாரும் போடக் கூடாது.”

மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாய் வரைக்கும் வந்து நின்றது. அவன் அதற்குக் காத்திருக்கவில்லை. வெட்டிய வாரைக் குப்பைக் கூடையில் போட்டான்.

“வேற ஒண்ணு வேணும்” என்றாள்.

“மாமாவுக்கா?”

“அம்மாவுக்கு.”

அவன் அக்காவைப் பார்த்தான், பஞ்சரைப் பார்த்தான், மறுபடி அக்காவைப் பார்த்தான். “அம்மா வண்டி ஓட்டறாங்களா?”

“ஓட்டறாங்க. விழவும் செய்யறாங்க.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். மேல் தட்டில் கை வைத்தவன், எதையும் எடுக்காமலே இறங்கினான்.

“தலையை அளக்காம நான் ஹெல்மெட் விக்கறதில்ல” என்றான். “நாளைக்குக் காலையில அம்மாவைக் கூட்டிட்டு வா. நீயும் வரணும்.”